கீழ்ப்பல்லுக்குக் காத்திருந்த இரண்டு கோடைகள்

என் மகனுக்கு முதல் பல் முளைத்தபோது அவனுக்கு ஒன்றேகால் வயது. அந்த வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முறுக்கைக் கடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவன் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பொக்கை வாயால் சிரிப்பான். நான் கவலைப்படவில்லை. பல் எங்கே போய்விடும், வரவேண்டிய நேரத்தில் வரும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் கரண்டியில் கஞ்சி ஊட்டும்போது வாய்க்குள் 'கிணுக்' என்று சத்தம் கேட்டது. அடுப்படியில் இருந்த மாமியார் கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தார்கள். உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு பல், கூர்மையாக, நாய்க்குட்டியின் பல் மாதிரி. ஆனால் மேல் ஈறில். மாமியாருக்கு முகம் விழுந்துவிட்டது.

பிள்ளைக்குக் கீழ்ப்பல்தான் முதலில் முளைக்க வேண்டும். மேல்பல் முந்திக்கொண்டால் தாய்மாமனுக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் மகனுக்குத் தாய்மாமன் என்று இருந்தது ஒரே ஒருவன், என் தம்பி. தென்காசியில் அம்மாவோடு இருந்துகொண்டு நெல் வியாபாரம் செய்துவந்தான். அப்பா போய்ச் சேர்ந்து வெகு நாளாகியிருந்தது. என்னைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

நெல் ஏற்றிப்போன வண்டிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். மறுவாரம் அம்மாவின் பதில் அதே வண்டியில் வந்தது. கீழ்ப்பல் முளைக்கட்டும், முளைத்த பிறகு நல்ல நாள் பார்த்து, ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரிகிற பிள்ளையின் முகத்தை மாமன் முதலில் பார்க்கட்டும், அப்புறம் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்ளட்டும், அதுவரைக்கும் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு வரவேண்டாம், தம்பியும் சுரண்டைக்கு வரமாட்டான். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளைக்குச் செய்கிற பரிகாரம் அது. பல்லுக்கும் அதையே செய்துவிடலாம் என்று அம்மா முடிவுகட்டியிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் வாய் கொஞ்சம் நீளம். என் பிள்ளைக்கு முளைத்திருப்பது பல்தான், அரிவாள் இல்லை என்று போய்ச் சொல்லுங்கள் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷர், சொல்லியிருக்க மாட்டார். மகள் பெற்ற பிள்ளையைவிட மகனின் உயிர்தான் அம்மாவுக்கு வெல்லம் என்று பல நாள் எண்ணி எண்ணி அழுதேன். அம்மாவுக்கு அப்படிப் பயப்படக் காரணம் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

அப்போதிருந்து தினமும் காலையில் எனக்கு ஒரு வேலை. விடிந்ததும் ஆட்காட்டி விரலைக் கழுவிவிட்டு அவன் கீழ் ஈறைத் தடவிப் பார்ப்பேன். வழவழவென்று இருக்கும். ஒரு மேடு, ஒரு கடினம், ஒன்றும் தட்டுப்படாது. பல் முளைத்தால் பல் கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டுவது வழக்கம். மாமியார் இரண்டு முறை நம்பிக்கையோடு மாவு இடித்தார்கள். இரண்டு முறையும் கொழுக்கட்டையை நாங்களே தின்று தீர்த்தோம்.

பல் வராததற்குக் காரணம் சொல்லாத ஆள் கிடையாது. கிரகணத்தன்று நான் கத்தரிக்காய் நறுக்கினேன் என்றார்கள். அன்றைக்கு நான் கட்டிலை விட்டே இறங்கவில்லை, சத்தியம். வாயும் வயிறுமாக இருந்தபோது புளி அதிகம் தின்றேன் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் ஊரில் புளி தின்னாத பிள்ளைத்தாய்ச்சி யார்? நான் பல்லைக் காட்டிக் காட்டிச் சிரித்ததால் பிள்ளைக்குப் பல் இல்லாமல் போயிற்று என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். என் சிரிப்பில் ஓரமாக ஒரு சின்னக் கூர்ப்பல் உண்டு. பெண் பார்க்க வந்த அன்று அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக்காரருக்கு என்னைப் பிடித்துப்போயிற்றாம். அதனால் அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் கண்டுகொள்வதில்லை.

அவனுக்குத் தலைமுடியும் குறைவு. சோளக்கதிரின் நுனியில் இருக்குமே, அந்த மாதிரி வெளிர் நிறத்தில் நாலைந்து இழை. இன்னொன்றும் இருந்தது, அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்கு வேர்க்காது. சித்திரை வெயிலில் வீடே தெப்பமாக நனைந்து கிடக்கும்போது அவன் சட்டை மட்டும் காலையில் போட்டபடி உலர்ந்து இருக்கும். எவ்வளவு சுத்தமான பிள்ளை பாருங்கள் என்று போவோர் வருவோரிடம் காட்டுவேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் கோடையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பங்குனியில் தொடங்கி, வெயில் ஏற ஏற அதுவும் ஏறும், பொழுது சாய்ந்தால் இறங்கும். வைத்தியர் பிள்ளைகளுக்கு வருகிற கணைச்சூடு என்றார். சுக்குக் கஷாயம் கொடுத்து, கம்பளி போர்த்தி, கதவைச் சாத்தி வைக்கச் சொன்னார். வேர்த்துவிட்டால் காய்ச்சல் விட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. தண்ணீர் மட்டும் மேலே படவே கூடாது, பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்றார். நானும் போர்த்தினேன். வேர்க்கவில்லை. உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. கொஞ்சம் அசந்தால் போதும், கம்பளியை உதறிவிட்டுத் தவழ்ந்துபோய்த் தண்ணீர்ப்பானைக்கு அடியில் இருக்கிற ஈர மணலில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வான். நான் தூக்கிக்கொண்டு வந்து மறுபடியும் போர்த்துவேன். பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. எப்படியோ ஆடி பிறந்தது, காற்று மாறியது, பிழைத்துக்கொண்டான்.

இரண்டாவது கோடையில் அவனுக்கு இரண்டரை வயது. மேலே இன்னும் ஒரு கூர்ப்பல் வந்திருந்தது. கீழே ஒன்றும் இல்லை. வைகாசி கடைசியில் வந்த காய்ச்சல் நாலு நாளாக இறங்கவில்லை. ஒருமுறை கண் செருகிக் கைகால் வெட்டி இழுத்தது. மாமியார் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் வைத்தியரைக் கூட்டிவர ஓடுவதும் வருவதுமாக இருந்தார். இந்தப் பிள்ளை எனக்கு இல்லை என்று மனதுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானம் வாசலில் வில்வண்டி வந்து நின்றது. இறங்கியது என் தம்பி. வண்டிக்காரர் மூலம் தகவல் கேட்டு, அம்மாவிடம் கடையநல்லூருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். உள்ளே வராதே, பிள்ளை முகத்தைப் பார்க்காதே என்று குறுக்கே நின்றேன். அவன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கம்பளிக்குள் கிடந்த பிள்ளையை நேருக்கு நேர் பார்த்தான்.

"எனக்கு ஆகாட்டா ஆகாம போகட்டும்க்கா. இவன் இங்கன கெடந்து வேகுதான். கெளம்பு, குத்தாலத்துக்குப் போவோம். அங்கன சாரல் விழுந்துட்டு" என்றான்.

ஜன்னி வரும் என்று மாமியார் தடுத்தார்கள். நானும் பயந்தேன். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் வண்டியில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளத்தை விரித்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

வண்டி மேற்கே போகப் போகக் காற்று மாறியது. தென்காசி ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனோம், அம்மா கண்ணில் படக்கூடாது என்று. குற்றாலம் நெருங்கும்போது பூந்தூறல் விழத் தொடங்கியது. நான் கம்பளியை இழுத்து மூடினேன். தம்பி அதைப் பிடுங்கி வண்டியின் பின்பக்கம் வீசினான். அன்றைக்கு அவனை நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. தூறல் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது, கழுத்தில் விழுந்தது. அவன் கண்ணைத் திறந்து வாயைப் பிளந்து தூறலைக் குடித்தான். அருவிக்குக் கொஞ்ச தூரத்தில், சாரல் வந்து தெறிக்கிற பாறை ஓரத்தில் அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பில் கை வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. நாலு நாளாக இறங்காத காய்ச்சல் அரை மணியில் இறங்கிவிட்டது. குளிக்க வந்திருந்த கூட்டத்துக்கு நடுவில் வெட்கம் இல்லாமல் ஓவென்று அழுதேன்.

தம்பி சிரித்துக்கொண்டே போய், குளிக்கிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரிடம் ஒரு சிரட்டை நல்லெண்ணெய் வாங்கி வந்தான். அதை என் மடிக்கு நேராகப் பிடித்து, எண்ணெயில் தெரிந்த மருமகன் முகத்தைக் குனிந்து பார்த்தான். பரிகாரம் முடிந்தது என்று சொல்லிவிட்டு, அந்த எண்ணெயையே தலையில் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போய்விட்டான்.

ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு சின்ன வீட்டை சீசனுக்குப் பிடித்தோம். பக்கத்து வீட்டில் சென்னையிலிருந்து சாரலுக்கு வந்திருந்த ஒரு டாக்டர் குடியிருந்தார். வயதானவர், பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவராம். மூன்றாம் நாள், முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் மகன் அவரைப் பார்த்துச் சிரித்தான். அவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, அவன் ஈறைத் தடவினார், முடியைத் தொட்டுப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவனுக்கு வேர்க்குமா என்று கேட்டார். வேர்க்காது என்றேன். இந்த முறை பெருமை இல்லை.

பிறகு என்னைச் சிரிக்கச் சொன்னார். எனக்கு என்னவோ போல் இருந்தது. தம்பி சொன்னதால் முந்தானையை விலக்கிப் பல்லைக் காட்டினேன். அந்தக் கூர்ப்பல்லைப் பார்த்துத் தலையாட்டினார். என்னோடு பிறந்த ஆண்கள், என் அம்மாவோடு பிறந்த ஆண்கள் யாருக்காவது இப்படிப் பல் இல்லாமல் இருந்ததா என்று கேட்டார். தம்பி தன்னுடைய முப்பத்திரண்டையும் காட்டினான். எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் அப்படி இல்லை என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். கருவில் பிள்ளைக்கு ஒரு மேல்படலம் உண்டாகிறதாம். தோல், முடி, பல், வேர்வை சுரக்கிற துளைகள் எல்லாம் அதிலிருந்துதான் வருமாம். இவனுக்கு அந்தப் படலம் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. கிரகணமும் புளியும் ஒன்றும் செய்யவில்லை. இது தாயின் உடம்பில் ஒளிந்திருந்து ஆண்பிள்ளையிடத்தில் வெளியே வருவது, ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லாத அபூர்வம். கீழ்ப்பல்லுக்குக் காத்திருக்க வேண்டாம், அங்கே விதையே விழவில்லை என்றார். மருந்து கிடையாது. ஆனால் பிள்ளை நன்றாக வளர்வான், புத்தியில் குறை இருக்காது. வெயில்தான் எமன். வேர்க்காத உடம்பு தானாகக் குளிராது, நாம்தான் குளிர வைக்க வேண்டும். ஈரத்துணி சுற்று, தண்ணீர் ஊற்று, நிழலில் வை. கம்பளி மட்டும் போர்த்தாதே, அது கொன்றுவிடும். ஐந்தாறு வயதில் பல் செட்டு கட்டலாம் என்றும் சொன்னார்.

அவர் போனபிறகு எனக்கு ஒரே எண்ணம்தான். தாயிடமிருந்து வருவது. அப்படியானால் ஊர் சொன்னதுதான் சரியா, நான்தான் காரணமா? சனிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் வந்தார். மறைக்கக் கூடாது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொள்வார் என்றுகூட எண்ணிவிட்டேன். அவர் மகனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, கஞ்சி குடிச்சு வளருதான். ராசாக்கமாரும் கஞ்சிதான் குடிக்காக" என்றார்.

எந்த ராஜா கஞ்சி குடித்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

மறுநாள் அம்மா வந்துவிட்டாள். மகன் கடையநல்லூருக்குப் போகவில்லை, எங்களோடு குற்றாலத்தில் இருக்கிறான் என்பது தெரிந்து, குதிரை வண்டி பிடித்து, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். முற்றத்தில் தம்பி என் மகனைத் தோளில் வைத்துக் குதித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் ஓடிவந்தாள். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த இழுப்பில் பிள்ளை பயந்து வீறிட்டு அழுதான். வாய் முழுதாகத் திறந்தது. மேலே மூன்று கூர்ப்பல், கீழே வெறும் ஈறு.

அம்மா அந்த வாயைப் பார்த்தாள். கையில் இருந்த எண்ணெய்க் கிண்ணம் சாய்ந்து சேலையெல்லாம் எண்ணெய் ஆயிற்று. அவளுக்கு அது தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து இறந்துபோனான் என்பது எனக்குத் தெரியும். அம்மை கண்டு போய்விட்டான் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். அம்மை இல்லை, காய்ச்சல் என்று அன்றைக்கு அம்மா சொன்னாள். அவனுக்கு இரண்டு வயதில் இரண்டே பல், இதே மாதிரி மேலே, இதே மாதிரி கூர்மையாக. வெளியே சொன்னால் பின்னால் பிறக்கிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அப்பாவும் அவளும் அதைத் தங்களுக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். மேல்பல் முளைத்தது என்று நான் சொல்லி அனுப்பியபோது அவளுக்கு அது மூத்தவனின் வாயாகத் தெரிந்திருக்கவில்லை. மிச்சமிருக்கிற மகனுக்கு வந்த கெடுதலாக மட்டுமே தெரிந்திருக்கிறது. அவள் ஒரே ஒரு தடவை சுரண்டைக்கு வந்து பிள்ளையின் வாயைப் பார்த்திருந்தால் போதும். முளைக்கவே முடியாத ஒரு பல்லுக்காக நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் காத்துக்கொண்டிருந்தோம்.

தம்பி விவரம் புரியாமல், டாக்டர் சொன்னதையெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். வேர்க்காது, தண்ணீர் ஊற்ற வேண்டும், கம்பளி ஆகாது. நான் கண்ணால் ஜாடை காட்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டான்.

தம்பி அந்தப் பக்கம் போகட்டும் என்று அம்மா காத்திருந்தாள். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"சித்திர மாசம். மூணு கம்பளி போட்டேன். ஒதறி ஒதறித் தள்ளுனான். வேர்க்கட்டும்னு நாந்தான் மேல கையப் போட்டு அமுக்கிப் பிடிச்சேன்." என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஏட்டி, தண்ணி ஊத்தியிருந்தா அவன் பெழச்சிருப்பானோ?"

என் வாய் நீளம் என்று சொன்னேனே, அந்த வாய் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது.

"இல்லம்மா. அது வெசக் காய்ச்சல். அது வேற, இது வேற. டாக்டரே சொன்னாரு" என்றேன்.

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள். எழுந்து சேலையை அலசப் போனாள்.

அதற்குப் பிறகு பங்குனி பிறந்தால் அம்மா சுரண்டைக்கு வந்துவிடுவாள். சம்பந்தி வீட்டில் மாதக்கணக்கில் தங்குவது அழகில்லை என்று யார் சொன்னாலும் காதில் வாங்க மாட்டாள். பானைகளை நிரப்பி வைப்பாள். துண்டை நனைத்துப் பேரனின் தலையிலும் மார்பிலும் சுற்றுவாள், காய்ந்ததும் மறுபடி நனைப்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் மத்தியான வெயிலில் ஒரு செம்புத் தண்ணீரோடு போய்ப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நிற்பாள். வாத்தியார் முதலில் முறைத்தார், பிறகு பழகிவிட்டார். ஆனி பிறந்ததும் எல்லோரும் குற்றாலத்துக்குப் போய்விடுவோம். அவன் எட்டு கோடை தாண்டும்வரை அம்மா ஒரு கோடைகூட விடவில்லை.

ஆறு வயதில் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பல் செட்டு கட்டினோம். பல் வைத்தியர் மெழுகை இளக்கி வாயில் வைத்து அச்சு எடுத்தார். அந்தக் கூர்ப்பற்களைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்தேன். அவர் அவற்றைத்தான் பொக்கிஷம் மாதிரி காப்பாற்றச் சொன்னார், செட்டை மாட்டிவைக்க அவைதான் கொக்கியாம். செங்கல் நிற ரப்பர் தட்டில் சின்னச் சின்னப் பல்லாக வரிசையாக இருந்தது. முதல் நாள் குமட்டித் துப்பினான். இரண்டாம் நாள் முறுக்கைக் கடித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு மாமியார், பல ஆண்டு கழித்து, மூன்றாவது முறையாகக் கொழுக்கட்டைக்கு மாவு இடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்தால் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு துரத்துவானாம். கேலி தானாக நின்றுவிட்டது. தாடை வளர வளரச் செட்டு சின்னதாகிவிடும், மறுபடி மதுரைக்குப் போவோம். அப்படி மூன்று செட்டு பார்த்தாயிற்று. தாய்மாமனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமாகித் தொப்பை போட்டான்.

யுத்த காலத்தில் ஒரு ஐப்பசி. அடைமழை. அம்மாவுக்கு விட்டு விட்டு வருகிற முறைக்காய்ச்சல் வந்து தென்காசி வீட்டில் படுத்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பல் கிட்டித்தது. பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்துக்கொண்டு வந்து விரித்தேன். அம்மா கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு காய்ச்சலிலும் பிடி இரும்பாக இருந்தது.

"போர்த்தாதட்டி. நான் அவனுக்குப் போர்த்துனது போதும்" என்றாள்.

குற்றாலத்தில் நான் சொன்ன பொய்யை அவள் ஒரு நாளும் நம்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் சொன்னதற்காக நம்பியதுபோல் இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். இது வேறு காய்ச்சல் அம்மா, உனக்குப் போர்த்தலாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அவளுடைய இரண்டு கால்களையும் என் மடியில் எடுத்து வைத்து, சூடு வரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன்.